கையால் நடவு என்றீர்கள், அடியில் தார்ப்பாய் இருந்தது

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
பொருள்: மேகோங் டெல்டா 2 நாள் பயணம், மார்ச் மாதம், இரண்டு பேர், பணம் திரும்பக் கேட்டு

வணக்கம்.

மார்ச் மாதம் உங்கள் மூலமாக வியட்நாம் போய் வந்தவர்களில் நான் ஒருத்தி, கூட வந்தது என் அம்மா. மொத்தப் பயணத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. விமானம், விசா, ஹோ சி மின் நகரத்து ஓட்டல் எல்லாம் சொன்னபடி இருந்தது. புகார் கடைசி இரண்டு நாளைப் பற்றி மட்டும்தான், அதாவது நீங்கள் தனியாக ஆளுக்கு 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு 'சேற்றில் இறங்கிப் பாருங்கள்' என்று விற்ற அந்த டெல்டா பகுதி. இதை வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். "அங்க எல்லா டூரும் இப்படித்தான் மேடம்" என்று ஒரு வரி வந்தது, கூடவே ஒரு கும்பிடு பொம்மை. அதனால்தான் இப்போது நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அம்மாவுக்கு 66 வயது. பதினாலு வயதில் ஆரம்பித்து கல்யாணமாகும் வரை நடவு நட்டவர். கோயில் குளம் என்று கூப்பிட்டாலே நூறு சாக்குச் சொல்கிறவர், உங்கள் விளம்பரத்தை நான் படித்துக் காட்டியபோது, விவசாயிகளோடு சேர்ந்து நாற்று நடலாம், வாய்க்காலில் இறங்கி மீன் பிடிக்கலாம், படகில் துடுப்புப் போடலாம், தோட்டத்தில் ரம்புத்தான் பறிக்கலாம் என்றெல்லாம் இருந்ததைக் கேட்டுவிட்டு, "சரி போவோம், அந்த ஊரு மண்ணு எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்றார். ஆக நான் உங்களிடம் பணம் கட்டியது அந்த மண்ணுக்காகத்தான்.

முதல் நாள் மதியம் பென் ட்ரே பக்கம் ஒரு பண்ணையில் இறக்கினார்கள். வாசலிலேயே பழுப்பு நிறச் சட்டை, கட்டம் போட்ட துண்டு, ஓலைத் தொப்பி எல்லாம் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அது ஒரு வேடிக்கை, அதில் தப்பில்லை. பின்பக்கம் கூட்டிப்போனால் கல்யாண மண்டபத்து மேடை அளவுக்கு ஒரு பாத்தி, அதில் கணுக்கால் மட்டத்துக்குச் சேறு. ஆளுக்கு ஒரு பிடி நாற்று கொடுத்தார்கள், எண்ணிப் பார்த்தேன், 12. அம்மா நாற்றை வாங்கியதும் முதலில் வேரைப் பார்த்தார். "இது இன்னைக்குப் பறிச்ச நாத்து இல்லையே" என்றார். புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கி முதல் குத்தை ஊன்றினார். விரல் கொஞ்சம் போனது, நின்றுவிட்டது. பக்கத்தில் இன்னொரு இடத்தில் ஊன்றிப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, கைடுக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கண்ணு, அடியில தார்ப்பாய் இருக்குடி" என்றார்.

ஆனாலும் 12 நாற்றையும் வரிசை பிசகாமல் நட்டுவிட்டுத்தான் ஏறினார், கோணலாக நட அவருக்கு வராது. கைடு கைதட்டினார், படம் எடுத்தார். நாங்கள் கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் இறங்கி அத்தனையையும் பிடுங்கி, அலசி, திரும்ப வாளியில் போட்டான். அடுத்த பஸ் வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா நட்ட நாற்று சேற்றில் இருந்தது மொத்தம் 9 நிமிடம். சும்மா ஆத்திரத்தில் சொல்லவில்லை, என் போன் படங்களில் நேரம் இருக்கிறது, இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அந்தப் பண்ணைக்காரர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். மார்ச்சில் வந்து நடவைக் காட்டு என்று நின்றால் பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்? மேகோங் டெல்டாவில் பெரிய போகம் நவம்பர், டிசம்பரில் விதைத்து பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பது. அதுவும் இப்போது அங்கே பெரும்பாலும் நேரடி விதைப்புதான், நாற்றங்கால் போட்டு நடுவதெல்லாம் குறைந்துபோய்விட்டது. இது தெரிய வேளாண் பட்டம் வேண்டாம், அங்கே உங்களுக்கு ஆள் பிடித்துக்கொடுக்கிறவரிடம் ஒரு போன் போட்டால் போதும். ரம்புத்தான் கதையும் இதேதான். அது மே, ஜூனில்தான் நன்றாகப் பழுக்கும். எங்களுக்குத் தோட்டத்தில் மரத்தைக் காட்டினார்கள், பழத்தைத் தட்டில் காட்டினார்கள், தட்டில் இருந்தது பப்பாளியும் அன்னாசியும்.

நடவைப் பற்றிச் சொல்லியே தீர வேண்டும் என்றால் அந்த மண்ணுக்கு நிஜமாகவே ஒரு நடவுக் கதை இருக்கிறது, உங்கள் கைடுக்கு அதைக் கற்றுக்கொடுங்கள். 1970களின் பிற்பகுதியில் புகையான் பூச்சி அந்த டெல்டாவின் நெல்லை அழித்துக்கொண்டிருந்தபோது, கான் தோ பல்கலைக்கழகத்தில் இருந்த வோ தோங் சுவான் என்ற விஞ்ஞானி, பூச்சியைத் தாங்கும் ஐஆர் 36 விதையைப் பெருக்குவதற்காக மாணவர்களுக்குக் குத்துக்கு ஒற்றை நாற்றாக நடக் கற்றுக்கொடுத்து, வகுப்பையே நிறுத்திவிட்டு அவர்களை விதையோடு ஊர் ஊராக அனுப்பினார். 1993இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. போகும் முன் நான் படித்து வைத்திருந்ததை பஸ்ஸில் அம்மாவுக்குச் சொன்னேன். "ஒத்த நாத்தாவா நட்டாங்க? தைரியந்தான்" என்றவர், புகையான் விழுந்த வயல் எப்படி வட்டம் வட்டமாகக் கருகும் என்று அரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். அந்த அரை மணிக்கு உங்களுக்கு நான் காசு தரவேண்டியதில்லை.

அதே பஸ்ஸில்தான் இன்னொன்றும் நடந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நெல் மஞ்சளாக நின்றது, அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, மூட்டை மூட்டையாக வாய்க்கால் கரையில் அடுக்கி, ஏற்றிக்கொண்டு போகப் படகு காத்திருந்தது. டெல்டா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதுவும் எங்களுக்கு முப்பது அடி தள்ளி. பத்து நிமிடம் நிறுத்துங்கள், வரப்பில் ஏறி ஒரு கதிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கேட்டேன். நேரம் இல்லை என்றார் கைடு. சரி என்று விட்டுவிட்டேன். அடுத்து நிறுத்திய தேங்காய் மிட்டாய்க் கடையில் 50 நிமிடம் இருந்தோம். அதற்கடுத்த தேன் கடையில் 40 நிமிடம். அதிலும் மிட்டாய் செய்கிற இடம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சூடாக இருக்கும்போதே நீளமாக இழுத்து, வெட்டி, சாப்பிடக்கூடிய அரிசித் தாளில் சுற்றுகிறார்கள், ஆனால் அதைப் பார்க்க 10 நிமிடம் போதும், மீதி 40 நிமிடம் எதற்கு என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

மீன் பிடிப்பதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. வாய்க்காலை இரண்டு பக்கமும் அடைத்து, தண்ணீரை இறைத்து, சேற்றில் கையால் தடவிப் பிடிப்பது அங்கே ஊர்ப்பக்கம் நிஜமாகவே செய்கிற வேலை. எங்களுக்கு என்ன செய்தார்கள் என்றால், ஒரு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து ஜிலேபிக் கெண்டையை எங்கள் கண் எதிரிலேயே குட்டையில் கொட்டினார்கள். பாதி மல்லாந்து மிதந்தது. அம்மா இறங்கவில்லை.

இரண்டாம் நாள் கான் தோ. உங்கள் அட்டவணையில் 'விடியலில் மிதக்கும் சந்தை' என்று போட்டிருக்கிறது. காய் ராங் சந்தை இருட்டோடு கூடுகிற சந்தை, ஐந்து ஆறு மணிக்குப் போனால்தான் வியாபாரத்தைப் பார்க்கலாம். எங்கள் படகு கிளம்பியது 8:15க்கு. ஓட்டலில் காலை உணவு ஆறரைக்குத்தான் ஆரம்பிக்கும், எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று கைடு முடிவு செய்தாராம். போய்ச் சேர்ந்தபோது காபி விற்கிற படகுகளும், எங்களைப் போலத் தாமதமாக வந்த டூரிஸ்ட் படகுகளும், நாலைந்து அன்னாசிப் படகுகளும் இருந்தன. ரோடும் பாலமும் வந்தபிறகு அந்தச் சந்தையே முன்பு போல இல்லை, அது உங்கள் தப்பல்ல. ஆனால் இருக்கிறதையும் பார்க்கவிடாமல் செய்தது உங்கள் தப்பு. ஒவ்வொரு படகிலும் ஒரு மூங்கில் கழி நட்டு, என்ன விற்கிறார்களோ அதையே அதன் நுனியில் கட்டித் தொங்கவிடுவார்கள், தூரத்திலிருந்தே தெரியும்படி. நாங்கள் போன நேரத்தில் பாதிக் கழிகள் மொட்டையாக நின்றன. ஒரு பழைய படகில் மட்டும் காய்ந்த ஓலை ஒன்று தொங்கியது. ஓலை தொங்கினால் அந்தப் படகே விலைக்கு என்று அர்த்தம். கைடு அதைக் கடந்துபோகும்போது மைக்கில் மதிய சாப்பாட்டு மெனு சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது ஒரு நல்ல விஷயமும் சொல்லவேண்டும், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. ஆனால் அதுவும் உங்களால் நடந்ததில்லை, உங்களை மீறி நடந்தது.

முதல் நாள் சாயங்காலம் சின்ன வாய்க்காலில் துடுப்புப் படகு. அந்த வாய்க்கால்களில் கடல் ஓதம் ஏறி இறங்கும், நாளுக்கு நாள் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். உங்கள் அட்டவணையிலோ வருஷம் முழுக்க 4:30 என்றே அச்சடித்திருக்கிறது. நாங்கள் போன அன்று 4:30க்குத் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. பாதி வழியில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நாற்பது நிமிடம். லைஃப் ஜாக்கெட்டில் அம்மாவுடையதுக்குக் கொக்கியே இல்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தோம், இதையும் குறித்துக்கொள்ளுங்கள், இது சின்ன விஷயமில்லை. மற்றபடி அந்த நாற்பது நிமிடம்தான் நாங்கள் கட்டிய 29,000 ரூபாய்க்கு உருப்படியாகக் கிடைத்தது. இரண்டு பக்கமும் சேற்றிலிருந்தே ஓலை கிளம்புகிற மரம், தண்டே கண்ணுக்குத் தெரியாது, அவர்கள் தண்ணீர்த் தென்னை என்கிறார்கள். கரையில் ஒரு வீட்டு முற்றத்தில் வரிசையாகப் பெரிய பெரிய தண்ணீர் ஜாடிகள். எதற்கு இத்தனை என்று அம்மா கையால் கேட்டார். துடுப்புப் போட்ட அக்கா வாய்க்கால் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்து, கடல் இருக்கிற திசையைக் காட்டினார். கோடையில் ஆற்று வரத்து குறைந்தால் உப்பு உள்ளே ஏறிவிடும், 2016லும் 2020லும் அது பெரிய அடி அடித்தது. அதை எங்களுக்குச் சொன்னது மைக் வைத்திருந்த கைடு இல்லை, இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாத அந்த அக்கா. தண்ணீர் திரும்பி ஏற ஆரம்பித்ததும் அவர் துடுப்பை அம்மா கையில் கொடுத்தார். இரண்டு துடுப்பும் குறுக்காக வரும், தள்ளிப் போடவேண்டும், இழுக்கக் கூடாது. அம்மாவுக்கு மூன்று தரம் வழுக்கி, நாலாவது தரம் படகு நகர்ந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு வாய்க்கால் முழுக்கக் கேட்டது.

கரைக்கு வந்ததும் கைடு அந்த அக்காவைத் திட்டினார். பயணிகள் துடுப்பைத் தொடக் கூடாதாம், இன்சூரன்ஸ் கிடையாதாம். அப்படியென்றால் 'துடுப்புப் போடலாம்' என்று விளம்பரத்தில் போட்டது யார்? அது மட்டுமில்லை, படகுக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது, நீங்கள் டிப்ஸ் கொடுத்தால்தான் உண்டு என்று மைக்கிலேயே சொன்னார். என் ரசீதில் 'படகு, படகோட்டி உட்பட' என்று இருக்கிறது. நான் 1,00,000 டாங் கொடுத்தேன், மனசாரத்தான் கொடுத்தேன், ஆனால் நீங்கள் வாங்கிய பணத்தில் அவருக்கு எவ்வளவு போனது என்ற கேள்விக்கு எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

"எல்லா டூரும் இப்படித்தான்" என்ற பதிலை மறுபடி அனுப்பாதீர்கள். எல்லா டூரும் இப்படித்தான் என்றால் 'பார்க்கலாம்' என்று விற்றிருக்க வேண்டும், 'செய்யலாம்' என்று விற்றிருக்கக் கூடாது. பார்க்கிற டூருக்கு நான் இத்தனை பணம் கொடுத்திருக்கமாட்டேன், அம்மாவும் முட்டி வலியோடு நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கமாட்டார்.

முழுப் பணமும் கேட்கவில்லை. தங்கும் இடமும் சாப்பாடும் ஒழுங்காக இருந்தன, டிரைவர் நல்ல மனிதர். 'செய்முறை அனுபவங்கள்' என்று உங்கள் ரசீதிலேயே தனி வரியாகப் போட்டிருக்கிற ஆளுக்கு 5,200, இரண்டு பேருக்கு 10,400 ரூபாய், அதைத் திருப்பிக் கொடுங்கள். எந்த மாதத்தில் வயலில் என்ன வேலை நடக்கும், எந்தப் பழம் இருக்கும் என்பதை முன்பதிவுப் பக்கத்தில் போடுங்கள். மார்ச்சில் வருகிறவர்களை அறுவடை நடக்கிற வயலுக்குக் கூட்டிப்போங்கள், அதற்குத் தார்ப்பாய் செலவுகூட கிடையாது. படகு நேரத்தை ஓதத்தைப் பார்த்துப் போடுங்கள். 15 நாளில் பதில் வரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன், படிவம் எடுத்து வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று, இது புகாரில் சேர்த்தி இல்லை. அம்மாவும் அந்தப் படகுக்கார அக்காவும் துடுப்போடு நிற்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு ஒரு கவரில் வைத்திருக்கிறோம். அவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது, விலாசமும் தெரியாது. உங்கள் அடுத்த குழு எப்போது போகிறது என்று சொன்னால் கவரை உங்கள் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுக்கிறேன், படகுத்துறையில் கேட்டால் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்கிறார் அம்மா.

இப்படிக்கு,
மார்ச் குழுவில் வந்த அம்மாவும் மகளும்
(முன்பதிவு எண், ரசீது, நேரத்தோடு 31 படங்கள் இணைப்பில்)