புகையிரத எஞ்சின் கொள்வனவு: உதிரிப் பாகங்களை முன்வைத்து ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைப் புகையிரதத் திணைக்களத்துக்குப் புதிய டீசல் எஞ்சின்கள் தேவை என்ற பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை எஞ்சின்கள், எந்த நாட்டின் கடனுதவி, என்ன விலை என்ற மூன்று கேள்விகளே பெரிதாகப் பேசப்படுகின்றன. அந்த எஞ்சினுக்குள் இருக்கும் டீசல் இயந்திரம் எந்த வம்சத்தைச் சேர்ந்தது, அதன் உதிரிப் பாகங்கள் ஏற்கெனவே நம்மிடம் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்களுக்கும் பொருந்துமா என்று கேட்பவர்கள் மிகச் சிலர். எழுபது ஆண்டுகளாக டீசல் எஞ்சின்களை ஓட்டிவரும் நமது புகையிரத சேவையின் அனுபவம் இந்தக் கேள்வியே முதலில் கேட்கப்பட வேண்டியது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

கொழும்புத் திட்டம் என்ற சர்வதேச உதவித் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய எம் 2 வகை எஞ்சின்கள் 1954 இல் இங்கு வந்து சேர்ந்தன. ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, கியூபெக் என்று கனேடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய அவற்றுடன் பின்னர் வந்தவற்றையும் சேர்த்து மொத்தம் 14 எஞ்சின்கள். வடக்குப் பாதையிலும் மலையகப் பாதையிலும் கரையோரப் பாதையிலும் தலைமுறை தலைமுறையாகப் பயணிகளை ஏற்றிச் சென்ற இவற்றில் சில இன்றும் சேவையில் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் ஆழிப்பேரலை அடித்துச் சென்ற புகையிரதத்தை இழுத்து வந்த 591 ஆம் இலக்க 'மனிடோபா'வும் இந்த வகையே. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த இடத்திலிருந்து மீட்கப்பட்ட எஞ்சின் திருத்தப்பட்டு மீண்டும் தண்டவாளத்தில் ஓடியது என்பது நமது தொழிலாளரின் கைத்திறனுக்கும் அந்த எஞ்சினின் உறுதிக்கும் ஒருசேரச் சான்றாகும்.

இந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம் அதிர்ஷ்டம் அல்ல. எம் 2 எஞ்சினில் இருப்பது ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் இ.எம்.டி. பிரிவு வடிவமைத்த 567 வரிசை இயந்திரம். ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவும் 567 கன அங்குலம் என்பதையே அந்த எண் குறிக்கிறது. சிலிண்டர் உறை, பிஸ்டன், தலைப்பகுதி ஆகியவற்றை ஒரே தொகுதியாகக் கழற்றி, வேறொரு தொகுதியை அந்த இடத்தில் பொருத்திவிடலாம் என்பதால், ஒரு சிலிண்டர் பழுதானதற்காக முழு இயந்திரத்தையும் இறக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது இதன் பின்னர் நடந்தது. 1979 ஐ அண்டிய ஆண்டுகளில் மேற்கு ஜெர்மனியின் ஹென்ஷல் தொழிற்சாலையிலிருந்து வந்த 16 எம் 6 எஞ்சின்களிலும், 1981 இல் பிரித்தானியாவின் பிரஷ் நிறுவனத்திடமிருந்து வந்த 16 எம் 7 எஞ்சின்களிலும், அதே வம்சத்தின் அடுத்த தலைமுறையான 645 வரிசை இயந்திரங்களே பொருத்தப்பட்டிருந்தன. 645 க்கான சிலிண்டர் தொகுதிகளை, எம் 2 இல் உள்ள 567 சி போன்ற பிந்திய 567 இயந்திரங்களிலும் பொருத்த முடியும். எஞ்சினைக் கட்டிய நாடுகள் மூன்று. ஆனால் அவற்றைப் பழுதுபார்க்கும் தொழிலாளி கற்க வேண்டிய பாடமோ பெரும்பாலும் ஒன்றுதான்.

இதற்கு மாறாக, தனித்து நின்ற வகைகளின் கதையைப் பாருங்கள். எம் 2 வந்த அதே காலத்தில் மிர்லீஸ் இயந்திரத்துடன் வந்த 25 எம் 1 எஞ்சின்கள் வழமையான சேவையிலிருந்து எப்போதோ நீங்கிவிட்டன. 1979 இல் ஜப்பானின் ஹிற்றாச்சி கட்டிய எம் 5 எஞ்சின்கள் முதலில் ஜெர்மனியின் எம்.ரி.யு. இயந்திரங்களுடன் வந்தன, பின்னர் அவற்றை நீக்கிவிட்டு வெவ்வேறு நிறுவனங்களின் இயந்திரங்களைப் பொருத்த வேண்டியதாயிற்று. 2000 ஆம் ஆண்டில் அல்ஸ்தோம் நிறுவனத்திடமிருந்து பெற்ற 10 எம் 9 எஞ்சின்கள் 3,200 குதிரைவலு கொண்டவை, அதுவரை நாம் வைத்திருந்தவற்றில் மிக வலிமையானவை. ஆயினும் அவற்றின் ரஸ்டன் இயந்திரத்துக்கு இங்கே உறவு என்று சொல்ல வேறெதுவும் இருக்கவில்லை. இந்த எஞ்சின்கள் தரக்குறைவானவை என்று நான் வாதிடவில்லை. பத்துப் பதினாறு எஞ்சின்களுக்காக மட்டும் ஒரு தனி உதிரிப் பாகக் களஞ்சியத்தையும் தனிப் பயிற்சியையும் பேணும் வசதி நமது திணைக்களத்துக்கு ஒருபோதும் இருந்ததில்லை. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது உதிரிப் பாகங்களை இறக்குமதி செய்வது எவ்வளவு பெரிய பாடாக மாறியது என்பதை நாம் எல்லோரும் கண்டோம்.

நம்மிடம் இரண்டாவதாக ஒரு பெரிய வம்சமும் உண்டு. 1975 இல் மொன்றியலிலிருந்து வந்த எம் 4 எஞ்சின்களில் இருப்பது அமெரிக்க அல்கோ நிறுவனத்தின் 251 வரிசை இயந்திரம். இந்தியாவின் வாரணாசித் தொழிற்சாலை அதே இயந்திரத்தை அனுமதிப்பத்திரம் பெற்றுக் கட்டியது. 1996 முதல் அங்கிருந்து இங்கு வந்த எம் 8, எம் 10, எம் 11 ஆகியவையும் இந்த வழியில் வந்தவையே. அதே தொழிற்சாலை பிற்காலத்தில் இ.எம்.டி. 710 வரிசை இயந்திரங்களையும் கட்டியிருக்கிறது. ஆகவே இந்தியக் கடனுதவியில் எஞ்சின் பெற்றாலும் நமக்குப் பழகிய வம்சத்தையே கேட்டுப் பெற இயலும். புதிய நான்கு வீச்சு (பிஸ்டனின் நான்கு அசைவுக்கு ஒருமுறை எரிபொருளை எரிக்கும்) இயந்திரங்களோடு ஒப்பிடும்போது பழைய இ.எம்.டி. இயந்திரங்கள் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கின்றன என்ற நியாயமான ஆட்சேபம் உண்டு. அந்தக் கணக்கைப் போடும்போது, உதிரிப் பாகத்துக்காகக் காத்து நிற்கும் எஞ்சினின் செலவையும், அதனால் இரத்தாகும் சேவைகளின் இழப்பையும் சேர்த்தே போட வேண்டும்.

மலையகப் பாதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 44 அடிக்கு ஓர் அடி என்று ஏறும் சரிவும், ஏறத்தாழ 100 மீற்றர் ஆரை மட்டுமே கொண்ட வளைவுகளும், பட்டிப்பொலவில் 1,898 மீற்றர் உயரமும் உள்ள இந்தப் பாதையில், சமதரைக்கென்று வடிவமைத்த நூறு தொன்னைத் தாண்டும் நீண்ட எஞ்சினை ஏற்றினால் தண்டவாளமும் சில்லும் ஒருசேரத் தேயும். தனி எஞ்சின் இழுக்காமல், பெட்டிகளோடு சேர்ந்தே இயந்திரமும் பொருத்தப்பட்ட டீசல் தொடர்வண்டிகள் இங்கு பயணிகள் சேவையில் ஓடிவந்தது உண்மைதான். ஆனால் மண்சரிவுக்குப் பின் கல்லும் சரளையும் கொண்டுவரவும், பழுதாகி நின்ற தொடர்வண்டியை இழுத்துவரவும், பொருட்களை ஏற்றவும் எஞ்சின்தான் வேண்டும். அந்த வேலையைச் செய்துவந்த எம் 6 எஞ்சின்களுக்கு நாற்பது வயது எப்போதோ கடந்துவிட்டது. அவற்றின் இடத்துக்கு எது வரப்போகிறது என்பதைப் பற்றி உரத்த பேச்சு எதையும் நான் கேட்கவில்லை. வடக்குப் பாதையில் விரைவாக ஓடும் எஞ்சின் பற்றிப் பேசும் அளவுக்கு ஹற்றனையும் நானு ஓயாவையும் பதுளையையும் பற்றியும் பேச வேண்டும்.

எனவே போக்குவரத்து அமைச்சும் திணைக்களமும் அடுத்த கொள்வனவுக்கான நிபந்தனைகளை எழுதும்போது, இயந்திரம் இ.எம்.டி. அல்லது அல்கோ வழியில் வந்ததாக இருப்பதற்கு மதிப்பெண் வழங்க வேண்டும் என்றும், மலையகத்துக்கான எஞ்சின்களை அச்சுப்பாரமும் (ஒவ்வொரு சில்லு அச்சும் தண்டவாளத்தின் மேல் ஏற்றும் எடை) வளைவும் கருதித் தனித் தேவையாகவே கோர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு வகையிலும் எத்தனை எஞ்சின்கள் ஓடுகின்றன, எத்தனை உதிரிப் பாகமின்றி நிற்கின்றன என்ற விபரத்தை ஆண்டுதோறும் தமிழிலும் வெளியிட்டால், வரி செலுத்தும் மக்கள் இந்த முடிவுகளை எடைபோட வழி கிடைக்கும். சேவையிலிருந்து விலகும் எம் 2 எஞ்சின்களில் ஒன்றையாவது பழைய இரும்பாக விற்காமல் கடுகண்ணாவைப் புகையிரத அருங்காட்சியகத்தில் பேண வேண்டும் என்பதும் எனது வேண்டுகோள்.

இங்ஙனம்,
மலையகப் பாதைப் பயணி ஒருவர்,
ஹற்றன்.