அப்பாவின் பியட்டும் ஒரு சுருள் சில்வர் பேப்பரும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்குப் புரட்டாசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். பாப்பாவுக்கு வேலை கிடைத்த சேதி கேட்டதும் அம்மா போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். உனக்குச் சர்க்கரை இறங்கியிருப்பதில் சந்தோஷம். ஆனாலும் உனக்கென்று எடுத்துவைக்கும் மக்ரூன் பெட்டி இனிமேல் ஒன்றுதான். நம் கூட்டாளி ஒட்டகத்தைப் பார்த்தேன், அதைப் பிறகு எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுச் சாயங்காலம் அப்பாவின் பியட் காரின், அதுதான் அந்தப் பிரீமியர் பத்மினியின், முன்பம்பரில் என் முகம் தெரிந்தது.

நீ அப்பாவின் சாவுக்கு வந்தபோது வண்டி தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது, பார்த்திருக்க மாட்டாய். பார்க்காததும் நல்லதுதான். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் இங்கே பெய்தது உனக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி பிரையண்ட் நகரில் எங்கள் தெருவில் தண்ணீர் வடியவே நாள்கணக்கானது. அப்பா மாடி ஜன்னலில் உட்கார்ந்து ஹெட்லைட் முங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வடிந்ததும் கீழே இறங்கிப் போய்ப் பம்பரை ஒருதரம் விரலால் தடவிப் பார்த்தார். அதன் பிறகு அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை.

என்ஜினை மெக்கானிக் பாய் இறக்கிக் கழுவி, ஏற்றி, ஓட வைத்துவிட்டார். அது தனிக் கதை. அழகு போன இடம் முகம்தான். பம்பர், வீல் கப், ஹெட்லைட் ரிங், கதவுக் கைப்பிடி எல்லாம் மஞ்சள்காமாலை கண்டமாதிரி இருந்தன. அண்ணன் போனில் ஒரே பாட்டு: "பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடு. ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாய் வாங்கியதை 2022-லேயே 5000 ஆக்கிவிட்டார்கள், இதற்கு மேல் எதற்குச் செலவு?" கணக்குப் பார்த்தால் அவன் சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே திருச்செந்தூர் போனவனும் அவன்தான்.

குரோம் துருப்பிடிப்பதில்லை என்பதே எனக்கு இந்த ஐம்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது, மாப்பிள்ளை. துருப்பிடிப்பது அடியில் இருக்கும் இரும்பு. இரும்பின் மேல் நிக்கல், நிக்கலின் மேல் குரோம். அந்தக் குரோம் பூச்சு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களும் ஊசித்துளைகளும் உண்டு. நம் ஊர்க் காற்றில் உப்புக்கா பஞ்சம்? அந்த ஈரம் துளை வழியே இறங்கி இரும்பைத் தொட்டுவிட்டால் போதும். நிக்கலும் இரும்பும் ஒரே ஈரத்தில் நனைந்தால் நிக்கல் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு இரும்பை அரிக்க விடுகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் உள்ளேயிருந்து முட்டி, பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடுகிறது. வெளியே நாம் பார்க்கும் பழுப்புப் புள்ளி, உள்ளே கசிந்ததன் வாய்தான்.

முதலில் என் மருமகன் பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். நல்லவேளை, பாய் பார்த்துவிட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலம் அது. குரோமைக் கழற்றி எடுக்கவே பிளேட்டிங் கடைகளில் அதைத்தான் பயன்படுத்துவார்களாம். துரு போவதற்குள் பூச்சே போயிருக்கும். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் ஆகாது, அதில் ஒட்டியிருக்கும் பொடி கோடு கோடாகக் கீறிவிடும். பாய் சொன்னது ஒரே ஒரு சாமான்தான்: அலுமினியம் ஃபாயில். சப்பாத்தி சுற்றுகிற சில்வர் பேப்பர்.

நான் நம்பவில்லை. நீயும் நம்பமாட்டாய். அதனால் நான் செய்தபடியே எழுதுகிறேன். முதலில் சோப்புத் தண்ணீரில் பம்பரைக் கழுவி மண்ணை எல்லாம் எடுத்துவிட வேண்டும். மண் இருந்தால் நாம் தேய்ப்பது மணலால் தேய்த்தமாதிரி ஆகிவிடும். பிறகு உள்ளங்கை அகலத்துக்குப் பேப்பரைக் கிழித்து, லேசாகக் கசக்கி, தண்ணீரில் முக்கித் தேய்க்க வேண்டும். அழுத்தவே வேண்டாம். முதல் பத்துத் தேய்ப்பில் விரலுக்கு அடியில் சொரசொரவென்று இருக்கும். அப்புறம் பழுப்பாக ஒரு சேறு கிளம்பும். அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாகிக் கறுத்து, குழைந்த சாந்துமாதிரி ஆகும்போது சொரசொரப்பு அடங்கி விரல் வழுக்கத் தொடங்கும். அந்த இடத்தில் நிறுத்தி ஈரத்துணியால் ஒரு துடைப்பு. நான் துடைத்தபோது துணிக்கு அடியிலிருந்து வேப்பமரக் கிளை ஒன்று இலையோடு எட்டிப் பார்த்தது. தலையைத் திருப்பி நிஜ மரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பம்பரைப் பார்த்தேன்.

அலுமினியம் குரோமைவிட ரொம்ப மிருது, அதனால் கீறாது. தேய்க்கத் தேய்க்க அதன் மேல்தோல் ஆக்சைடாக மாறி மாவுபோல் உதிர்கிறது. அந்த மாவுதான் பாலிஷ் போடுகிறது. கெமிஸ்ட்ரி லேபில் நமக்கு இதைச் செய்து காட்டியிருந்தால் நீயும் பாஸாகியிருப்பாய்.

பேப்பருக்கு மசியாத இடங்களுக்கு வினிகர். கடையில் விற்கும் வினிகரில் நூற்றுக்கு நாலைந்து பங்குதான் அசிட்டிக் அமிலம், அதுவே போதும். துணியை நனைத்துத் துருவின் மேல் சுற்றி, ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் பிரித்துப் பார்த்தேன். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, உடனே துடைத்து வெயிலில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஊரில் மத்தியானத்துக்குள் புதுத் துரு பூத்துவிடும். ஒன்றை மறக்காதே: வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஷெட்டில் பிளீச்சிங் பவுடரை வாரிப் போட்டிருந்தோம். அதன் மேல் வினிகர் சிந்தினால் குளோரின் வாயு கிளம்பும். தரையை மூன்று தரம் கழுவிய பிறகுதான் பாட்டிலைத் திறந்தேன்.

அம்மாவுக்கு வினிகர் மேல் நம்பிக்கையே இல்லை. "குத்துவிளக்குக்குப் பளபளப்பு தருகிற புளி இதுக்குத் தராதா?" என்று ஒரு கிண்ணத்தில் கரைத்துக்கொண்டு வந்துவிட்டாள். புளியில் இருப்பதும் அமிலம்தானே, ஒரு வீல் கப்பில் போட்டுப் பார்த்தோம். வினிகர் அளவுக்கு வேகமில்லாவிட்டாலும் துரு கழன்றது. ஆனால் பழக்கதோஷத்தில் ஒரு பிடி உப்பையும் கையில் எடுத்துவிட்டாள். "அம்மா, உப்பு மட்டும் வேண்டாம்" என்று நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். பித்தளைக்கு உப்பு நல்லது. இந்த வண்டியை அழித்ததே உப்புதானே!

ஒரு நஷ்டமும் ஆனது. இடது பின்கதவுக் கைப்பிடியை ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் சின்னச் சின்னக் குமிழாகப் பொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தால் கருகருவென்று, பூச்சு உரிந்து வருகிறது. அது இரும்பே இல்லை. துத்தநாகக் கலவையில் வார்த்தது, பாய் அதை மசாக் என்கிறார். அமிலம் பட்டால் அது கரையும். அதற்குக் காந்தம்தான் பரீட்சை: ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் வினிகர் பக்கமே கொண்டுபோகாதே, சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள். அந்தக் கைப்பிடியை எத்தனை தரம் பிடித்துத் திறந்திருப்போம். மனசு கேட்கவில்லை, கழுவித் துடைத்துப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

இப்போது ஒட்டகம். பம்பரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிப் புதிதாக குரோம் போட்டுவிடலாமா என்று அவனிடம் கேட்கத்தான் போனேன். அங்கே ஒரு பிளேட்டிங் பட்டறையில் பதினோரு வருஷம் இருந்தான் அல்லவா? பேசும்போது மூக்கில் விசில்மாதிரி ஒரு சத்தம் வந்தது. சளி என்று நினைத்தேன். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை, மாப்பிள்ளை. குரோமிக் அமிலத் தொட்டியிலிருந்து எழும் ஆவி செய்கிற வேலை அது. முகமூடி, காற்றை இழுக்கிற விசிறி ஒன்றும் அப்போது இல்லையாம். அந்தக் குரோமியம் நுரையீரலில் புற்றுநோயும் வரவழைக்கக்கூடியது. "ஸ்கேன் எடுத்தாயா?" என்றேன். "எடுக்கணும்" என்றான். நீ அவனிடம் பேசு. நான் சொன்னால் சிரித்து மழுப்புகிறான். உன் பேச்சை அவன் எப்போதும் கேட்பான். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போகிறேன், நீ அவனைச் சம்மதிக்க மட்டும் வை.

புதுப் பூச்சு வேண்டாம் என்று அவன் வீட்டுத் திண்ணையிலேயே முடிவு செய்துவிட்டேன். ஆனால் முழுசாக முடிவானது போன ஞாயிற்றுக்கிழமை. அதற்குத்தான் இந்தக் கடிதமே.

வெளிப்பக்கம் முடிந்ததும் பாய், "உள்பக்கத்தை விட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வரும்" என்றார். பின்னால் பூச்சு பேருக்குத்தான் இருக்கும், மண்ணும் ஈரமும் தங்குவதும் அங்கேதான். போல்ட்டுகளுக்கு ஒரு நாள் முழுக்க எண்ணெய் விட்டு, பாதியை அறுத்து, பம்பரைக் கழற்றித் திண்ணையில் குப்புறப் போட்டோம். சேற்றைக் கழுவினால் உள்ளே ரெட் ஆக்சைடு, துருவைத் தடுக்கிற சிவப்புப் பெயின்ட். அப்பா பூசியது. அவர் ரெட் ஆக்சைடு டப்பாவும் பிரஷுமாக வண்டிக்கு அடியில் படுத்திருந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு தடவை பூசும்போதும் ஓரத்தில் வெள்ளை எனாமலில் தேதி போட்டிருக்கிறார், பழைய தேதியை மறைக்காமல் சுற்றிப் பூசி. 86, 89, 93, 98, 2004, 2009. பாதி அழிந்திருந்தாலும் அந்தச் சாய்ந்த எட்டும் வால் நீண்ட ஒன்பதும் அவர் எழுத்தேதான். 2009-க்குப் பிறகு இல்லை. அந்த வருஷம்தான் முழங்கால் மடக்க முடியாமல் போனது.

89-க்குப் பக்கத்தில், சரியாக அந்த இடிபட்ட பள்ளத்தின் முதுகில், ஒரு வார்த்தை: வேப்பமரம்.

எலே, அவருக்குத் தெரிந்திருக்கிறது. பழையகாயல் ரோட்டில் லாரிக்காரன் இடித்துவிட்டுப் போய்விட்டான் என்று நீயும் நானும் ஒட்டகமும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னோமே, அவர் "போகட்டும், யாருக்கும் அடி படவில்லையே" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனாரே. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. மரப்பட்டை ஒட்டியிருந்ததோ என்னவோ. அடுத்த வாரம் உனக்கு ஹேண்ட் கியர் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவரே கூப்பிட்டாரே, அது ஏன் என்று முப்பத்தாறு வருஷமாக நமக்கு விளங்கவில்லை. திண்ணையில் அந்தப் பம்பரை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காபி வைத்துவிட்டுப் போனாள்.

பிளேட்டிங் பட்டறையில் கொடுத்தால் முதல் வேலையே இதையெல்லாம் அமிலத்தில் கழுவி, பள்ளத்தைத் தட்டி நிமிர்த்துவதுதான். கொடுக்கமாட்டேன். பூச்சு உதிர்ந்த இடம் உதிர்ந்ததுதான், வினிகரோ பேப்பரோ அதைத் திருப்பித் தராது. முன்பக்கம் கறுப்புப் புள்ளிகள் ஒரு நாற்பது நிற்கின்றன, அவை நிற்கட்டும். அப்பா வெள்ளிக்கிழமைதோறும் பழைய வேஷ்டித் துணியில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார். நான் அதற்கு மேல் கார் வேக்ஸும் போடுகிறேன், எண்ணெய் மட்டும் என்றால் தூசியை இழுக்கிறது. உள்ளே ரெட் ஆக்சைடும் பூசிவிட்டேன், தேதிகளை விட்டுச் சுற்றி.

அண்ணனுக்கு அந்த எழுத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு நாள் பதில் இல்லை. அப்புறம் "ஆர்.சி. பணம் நான் அனுப்புகிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தான்.

தைக்கு வருகிறேன் என்றாயே, முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி வா. காலையில் ஸ்டேஷனுக்கு நானும் ஒட்டகமும் வண்டியோடு வருகிறோம். பாப்பாவையும் கூட்டி வா. நடிகை பத்மினி பேரைத்தான் வண்டிக்கு வைத்தார்கள் என்று அவளிடமும் சொல்லி வைத்திருப்பாய், சித்தூர் ராணி கதையை நான் சொல்கிறேன்.

கிளம்புமுன் ஒரு வேலை. புதுப்பேட்டைக்குப் போய் பத்மினி பம்பருக்கான குமிழ்த்தலை போல்ட் எட்டு வாங்கி வா, குரோம் தலை. பழசானாலும் பரவாயில்லை, மறை தேயாமல் இருக்கட்டும். இங்கே நாலுதான் தேறியது, பம்பரைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். இடது கைப்பிடியும் கிடைத்தால் எடுத்துக்கொள். காந்தம் கொண்டு போ.

ஒட்டகத்துக்கு இன்றைக்கே போன் போடு.

அன்புடன்,
உன் பெஞ்சுக்காரன்