சுவிட்சைப் போடுமுன் ஒரு குரல் கொடுங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் மாதிரி விமானம் பறக்கவிடும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு,

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். உங்களில் சிலர் ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறீர்கள். போன மாசியில் பாகூர்ப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் நீங்கள் பறக்கவிட்டபோது, வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்ததும் நான்தான்.

அன்று நடந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு தம்பி, விமானத்தின் கேமரா பார்ப்பதைக் கண்ணுக்கு நேரே காட்டும் வீடியோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார். விமானம் பனை உயரத்துக்கு நன்றாகத்தான் போனது. திடீரென்று "டேய், யாரு காலுடா இது?" என்று கத்தினார். வயலும் வாய்க்காலும் தெரிய வேண்டிய கண்ணாடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் ஒரு டிபன் டப்பாவும் தெரிந்திருக்கின்றன. இருபதடி தள்ளி வேப்பமர நிழலில் இன்னொருவர் தன் விமானத்துக்குப் பேட்டரி செருகியிருக்கிறார். இருவருடைய வீடியோவும் ஒரே சானல். கிட்டே இருப்பதுதான் பலமாக வரும், அது ரேடியோவின் குணம். தம்பி கண்ணாடியைக் கழற்றி வானத்தில் தேடுவதற்குள் விமானம் பனைமட்டையில் மோதி இறக்கை இரண்டாகிவிட்டது.

பேட்டரி செருகியவரை எல்லாரும் திட்டினீர்கள். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சுவிட்சைப் போடுமுன் அந்தச் சானலில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதுதான் எங்கள் காலத்தில் முதல் பாடம். எங்களுக்கு வேறு வழியும் இல்லை.

அப்போதைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் செட்டில் ஆறு அலைவரிசை, ஆறு நிறம். 26.995 என்றால் பழுப்பு, 27.145 மஞ்சள், 27.255 நீலம். ஏரியல் நுனியில் அந்த நிற ரிப்பன் கட்டியிருக்கும். இரண்டு பேரும் மஞ்சள் என்றால் ஒருவர் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கிரிஸ்டலை மாற்ற வேண்டும். கிரிஸ்டல் என்பது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தகர டப்பி. ரிமோட்டுக்கு ஒன்று, விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு ஒன்று என்று ஜோடியாக வரும். இரண்டிலும் ஒரே எண் எழுதியிருந்தாலும் ரிசீவரில் இருப்பது பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அதிரும். இடம் மாற்றிச் செருகினால் செட் ஊமையாகிவிடும். அப்படி ஊமையான செட்கள் எனக்கு நிறையச் சோறு போட்டிருக்கின்றன, அது வேறு கதை.

அமெரிக்க 72 மெகாஹெர்ட்ஸ் செட்டில் 11 முதல் 60 வரை ஐம்பது சானல். அத்தனையையும் நிறத்தில் ஞாபகம் வைக்க முடியாது. அதனால் மைதான ஓரத்தில் ஒரு பலகை, அதில் துணி காயப்போடும் கிளிப்புகள், ஒவ்வொரு கிளிப்பிலும் சானல் எண். கிளிப் உங்கள் கையில் இருந்தால்தான் சுவிட்சைத் தொடலாம்.

பலகை இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பது எனக்கு சில்வர் பீச்சில் தெரிந்தது. ஒரு ஞாயிறு சாயங்காலம் என் மஞ்சள் ரிப்பன் விமானம் கரையோரம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சுண்டல்காரர் பக்கத்தில் ஒரு குழந்தை புது ரிமோட் காரை முடுக்கியது. அதுவும் 27.145. குழந்தை காரை இடப்பக்கம் திருப்ப, என் பால்சா மர விமானம் தலைகுப்புறக் கடலுக்குள் போனது. தான் ஒரு விமானத்தை வீழ்த்திய விஷயம் அந்தக் குழந்தைக்கு இன்றுவரை தெரியாது.

2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வந்த பிறகு இதெல்லாம் மறந்துபோனது. ரிசீவரிலிருந்து வால் வரை ஒரு மீட்டர் ஒயர் இழுத்த இடத்தில் 31 மில்லிமீட்டர் போதும் என்று ஆனது. ரிமோட்டும் ரிசீவரும் பைண்ட் ஆகி, அதாவது ஜோடி சேர்ந்து, ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்கின்றன, சானல் விட்டுச் சானல் தாவுகின்றன. நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பலகையையும் பரணில் போட்டுவிட்டோம். உங்கள் ரிமோட்டுக்குத்தான் தாவத் தெரியும். உங்கள் கண்ணாடிக்கு வரும் 5.8 கிகாஹெர்ட்ஸ் அனலாக் வீடியோ, போட்ட சானலிலேயே நிற்கும், என் பழைய கிரிஸ்டல் மாதிரி.

அப்புறம், தூரம் போக வேண்டும் என்று ஆன்லைனில் 915 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் மாட்யூல் வாங்கி மாட்டுகிறீர்கள். 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் பொதுப் பட்டை. இங்கே 890 முதல் 915 வரை செல்போன்கள் டவரோடு பேசும் இடம். ஏலத்தில் காசு கொடுத்து எடுத்த செல்போன் கம்பெனிகள் இருக்கும் வீட்டில் நீங்கள் திண்ணையைக்கூடக் கேட்காமல் நடுக்கூடத்தில் போய் உட்காருகிறீர்கள். நமக்கு உரிமம் இல்லாமல் விட்டிருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். அந்த மாட்யூலில் நீங்கள் போடும் எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். என்ற ரிமோட் மென்பொருளிலேயே ஐ.என். 866 என்று இந்தியாவுக்குத் தனித் தேர்வு இருக்கிறது. ரிமோட், ரிசீவர் இரண்டிலும் அதை ஏற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஏற்றிவிட்டு "அண்ணே, பைண்ட் ஆகல" என்று கடைக்கு வராதீர்கள்.

மாற்றிய கையோடு பறக்கவிடவும் வேண்டாம். சிக்னல் அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவைப்பது ஃபெயில்சேஃப். மறுபடி பைண்ட் செய்யும்போது அது பல செட்டுகளில் அழிந்துவிடும். புரொப்பெல்லரைக் கழற்றுங்கள், மோட்டாரை ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சிக்னல் அறுந்த நாளில் அந்த விமானம் முழு வேகத்தில் யார் வீட்டு ஓட்டின் மேல் இறங்கும் என்று சொல்ல முடியாது. அப்புறம் ரிமோட்டின் பவரைக் குறைத்துவிட்டு முப்பது தப்படி நடந்து பாருங்கள், சுக்கான் அப்போதும் சொன்னபடி ஆடுகிறதா என்று.

உங்கள் வீடியோ சானல்களுக்காக ஒரு ஒட்டுப்பலகையில் ஆறு கிளிப் அடித்து வைத்திருக்கிறேன். நீங்கள் வீடியோவுக்குப் போடும் ரேஸ்பேண்ட் என்ற சானல் வரிசையில் எட்டு சானல் இருக்கிறதே என்பீர்கள். கடைசி இரண்டும், 5880-ம் 5917-ம், இங்கே உரிமமில்லாமல் விட்ட 5875 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே நிற்கின்றன, அதனால் அவற்றுக்குக் கிளிப் கிடையாது. வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு அதே வயலுக்குக் கொண்டுவருகிறேன். வேப்பமரத்தில் மாட்ட ஒரு ஆணியும் சுத்தியலும் யாராவது எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
மஞ்சள் ரிப்பன்காரன்