கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் கொல்லைப் பவழமல்லியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருமுனைகளில் 'கண்ணீர் அஞ்சலி', 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' என்று கட்டப்படும் பிளெக்ஸ் பதாகைகளைப் பற்றிச் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த திருமணப் பதாகை சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தபோது எழுந்த கொதிப்பு அடங்கிவிட்டது. பதாகைகள் மட்டும் அடங்கவில்லை. வாழ்த்துப் பதாகையையாவது கொண்டாட்டம் என்று விட்டுவிடலாம். இறந்தவரின் படத்தை மின்கம்பத்தில் கட்டி, வெயிலில் வெளுத்துக் கிழியும்வரை யாரும் ஏறிட்டுப் பாராமல் விடுவதை மரியாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு இருந்தால் போதும், அவர் வாழ்ந்த வீட்டின் வாசலிலோ கொல்லையிலோ அவர் நினைவாக ஓர் இடத்தை அமைத்து நாள்தோறும் பேணிவர முடியும்.

வெட்டவெளியில் நினைவுச் சின்னம் எழுப்புவது நமக்குப் புதிதன்று. வீரனுக்குக் கல் நடுவதைக் கல்லைத் தேர்ந்தெடுக்கும் காட்சி முதல் வாழ்த்தல் வரை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து பொறித்த நடுகற்களுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனின் பெயரை இன்றும் சொல்கிறது. ஆனால் நினைவு ஊருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. வட மாவட்டங்களில், இறந்துபோன வீட்டுப் பெண்ணைப் பூவாடைக்காரி என்னும் குடும்பத் தெய்வமாக வழிபடும் குடும்பங்கள் பல உண்டு. கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று கிறித்தவக் குடும்பத்தார் கல்லறையைக் கழுவிப் பூவைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அமாவாசையில் காகத்துக்குச் சோறு வைக்காமல் உண்ணாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இவை பெரும்பாலும் நாள் கிழமை பார்த்துச் செய்பவை. நான் சொல்ல வருவது அன்றாடம் செய்யக்கூடிய ஒன்று.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், மறைந்த மனைவி மாவரைத்த ஆட்டுக்கல்லைக் கொல்லையில் ஒரு பவழமல்லிச் செடியின் அடியில் வைத்திருக்கிறார். குழவியை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் பறவைகளுக்கு நீர் ஊற்றுகிறார். ஆட்டுக்கல்லைச் சாய்க்க முடியாது. எனவே நாள்தோறும் காலையில் பழைய நீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு செடிக்கு விட்டு, குழியின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, பிறகுதான் புதுநீர் நிரப்புகிறார். பேசிக்கொண்டே செய்கிற வேலையன்று அது. அந்த நேரத்தில் யார் அழைத்தாலும் அவர் திரும்புவதில்லை. இதில் ஒரு சுகாதாரக் காரணமும் அடங்கியிருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நீரில்தான் பெருகுகிறது. கேட்பாரற்றுக் கிடக்கும் ஆட்டுக்கல்லும் உரலும் அதற்கு மிகவும் பிடித்த இடங்கள். அதன் முட்டைகள் குழியின் சுவரில் ஒட்டிக்கொண்டு நீர் வற்றினாலும் பிழைத்திருக்கும் என்பதால், நீரை மாற்றினால் மட்டும் போதாது, தேய்த்தே ஆக வேண்டும்.

மரம் நட விரும்புவோர் உணர்ச்சிவசப்பட்டு அரசையோ ஆலையோ வீட்டுச் சுவரை ஒட்டி நட்டுவிடக் கூடாது. வேர் சுவரைப் பிளக்கும். சிறிய இடத்துக்குப் பவழமல்லி, நந்தியாவட்டை, மாதுளை போன்றவை ஏற்றவை. பவழமல்லி மாலையில் மலர்ந்து விடியலில் உதிர்ந்துவிடும் என்பதால், காலையில் பூப்பொறுக்குவதே ஒரு நியமமாகிவிடுகிறது. அஸ்தியில் ஒரு பகுதியைக் கன்றின் அடியில் இடும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. அஸ்தி காரத்தன்மை மிக்கது, உப்பும் கொண்டது. குழியில் மொத்தமாகக் கொட்டினால் இளங்கன்று கருகிவிடலாம். ஒரு பிடி சாம்பலை நிறைய மண்ணோடும் மட்கிய எருவோடும் கலந்து, வேரில் நேரடியாகப் படாமல் இடுவது நல்லது. சலவைக்கல் மேடை, பித்தளைக் கைப்பிடி என்று ஆடம்பரம் செய்வதைக் குடும்பத்தார் தவிர்க்கலாம். அதுவும் ஒருவகைப் பதாகைதான்.

அடுக்ககங்களில் குடியிருப்போரின் நிலைதான் சிக்கலானது. அந்தக் காலத்து வீடுகளில் வாசற்கதவின் இருபுறமும் காற்றுப் படாமல் அகல்விளக்கு வைக்க மாடக்குழி இருந்தது. இன்று பால்கனியில் விளக்கேற்றினால் கொடியில் உலரும் துணியில் தீப்பிடிக்குமோ என்ற அச்சம். நடைவழியில் ஏற்றினால் சங்கத்தின் ஆட்சேபம். இரண்டுமே நியாயமானவை. ஆகவே அடுக்ககச் சங்கங்கள், சுற்றுச்சுவரை ஒட்டிய மண்தரையில் ஒரு பகுதியைக் குடியிருப்போர் தங்கள் வீட்டில் மறைந்தவர் நினைவாகச் செடி நடவும், அங்கே ஒரு பொது விளக்கு மாடம் அமைக்கவும் ஒதுக்கித் தரலாம். எந்தச் செடியை யார் பேணுவது, வீட்டை விற்றுவிட்டுப் போனால் அதற்குப் பிறகு யார் பொறுப்பு என்பவற்றைப் பொதுக்குழுவிலேயே எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் சச்சரவு வராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாடுதுறை.