நெகட்டிவ் யாருக்குச் சொந்தம்?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. சொந்தமாகத் தொடர் தயாரிக்கும் கம்பெனியைத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு அவள் கேட்ட பாடமே கல்லூரியில் கிடைத்துவிட்டது.

“செலவைச் சேனல் தருகிறது, உரிமையும் சேனலுக்கே” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை. நீ கையெழுத்திடும் முன் டெசிலு கம்பெனியின் கதையை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

1950இல் அமெரிக்காவில் லூசில் பால் என்ற நடிகையும் அவர் கணவர், கியூபாவில் பிறந்த இசைக்கலைஞர் டெசி ஆர்னாஸும் தொடங்கிய கம்பெனி அது. இருவரும் சேர்ந்து நடிக்கும் ஒரு நகைச்சுவைத் தொடரைப் பற்றிப் பேச்சு நடந்தபோது, மனைவிக்கு ஜோடியாக ஒரு கியூபாக்காரரை மக்கள் ஏற்பார்களா என்று சிபிஎஸ் என்ற டிவி நிறுவனம் தயங்கியது. இருவரும் ஊர் ஊராக மேடையில் சேர்ந்து நடித்து, ஏற்பார்கள் என்று காட்டினார்கள். அடுத்த தகராறு, எங்கிருந்து ஒளிபரப்புவது என்பதில். நிகழ்ச்சி நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகவேண்டும் என்பது சிபிஎஸ்ஸின் எண்ணம். தொலைதூர நிலையங்களுக்கு, டிவி திரையையே கேமராவால் படமெடுத்த மங்கலான பிரதிதான் போகும். தம்பதிக்கோ ஹாலிவுட்டை விட்டு நகர மனமில்லை. 35 எம்எம் ஃபிலிமில் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். செலவு ஏறியது. தங்கள் சம்பளத்தில் வாரம் ஆயிரம் டாலரைக் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் படச்சுருள்களின், அதாவது நெகட்டிவின், உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். அதை அன்று யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஒருமுறை ஒளிபரப்பானதை மறுபடி யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பு.

அந்தத் தொடர்தான் ‘ஐ லவ் லூசி’. 1951 அக்டோபர் 15 அன்று வெளிவந்தது. அதை எடுத்த விதத்தை நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். எதிரே ரசிகர்கள் உட்கார்ந்திருக்க, மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்றிக்கொண்டிருந்தால் ரசிகர்களின் சிரிப்பு ஆறிவிடும். அதனால் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் விளக்குகளை மேலே கட்டி, செட் முழுவதும் ஒரே சீராக ஒளி விழச் செய்தார். எடிட்டிங்கில் மூன்று கேமராக்களின் சுருள்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கத் மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரத்தைத் தனியாக வைத்திருந்தார்கள்.

1953 ஜனவரியில் லூசிலுக்கு மகன் பிறந்தான். அவர் ஓய்வில் இருந்த வாரங்களில் பழைய எபிசோடுகளை மறுபடி போட்டார்கள், மக்கள் பார்த்தார்கள்! மறுஒளிபரப்புக்கும் விலை உண்டென்று தொழிலில் எல்லோருக்கும் புரிந்தது. சில ஆண்டுகளில் அதே சிபிஎஸ், அந்தப் படச்சுருள்களின் உரிமையைப் பல லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 1957இல் டெசிலு, சுமார் 60 லட்சம் டாலருக்கு ஆர்கேஓ ஸ்டுடியோவையே வாங்கியது. லூசில் ஒருகாலத்தில் சம்பளத்துக்கு நடித்த இடம் அது.

அந்த உரிமையை அவர்கள் விற்றிருக்கக் கூடாது என்பது என் கருத்து. எத்தனை தலைமுறைகளுக்கு அந்தத் தொடர் ஓடியது, யோசித்துப் பார். ஆனால் விற்பதற்குக் கையில் ஒன்று இருந்ததே, அதைத்தான் நீ கவனிக்க வேண்டும்.

1960இல் மணமுறிவு. 1962இல் டெசியின் பங்கையும் லூசிலே வாங்கிக்கொண்டு தலைவரானார். ‘ஸ்டார் ட்ரெக்’, ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடர்கள் இரண்டும் 1966இல் அவர் தலைமையில் வந்தவை. மறு ஆண்டே கம்பெனியை, பாரமவுண்ட் பட நிறுவனத்தைக் கையில் வைத்திருந்த கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்துக்கு 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். டெசிலு, பாரமவுண்ட் டெலிவிஷன் ஆனது. ‘ஸ்டார் ட்ரெக்’ பின்னாளில் சம்பாதித்ததெல்லாம் வாங்கியவர்களுக்கே போனது.

செல்வம், முதல் ஒளிபரப்பைச் சேனல் எடுத்துக்கொள்ளட்டும். மறுஒளிபரப்பு, பிறமொழி, இணையம் இவற்றில் ஒன்றையாவது உன் பெயரில் வைத்துக்கொள். சம்பளத்தைக் குறைத்துக் கேட்டால்கூடச் சம்மதி. ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்பு. இங்கே நமக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டி எழுதுகிறேன். அதுவரை கையெழுத்தைத் தள்ளிப்போடு.

அன்புடன்,
ராகவன்