சினை ஊசி: நேரம் தவறினால் வீண்

குழு நண்பர்களுக்கு வணக்கம். மாட்டுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை பிடிக்கவில்லை என்று இங்கே அடிக்கடி கேட்கிறீர்கள். பெரும்பாலும் தவறுவது நேரம்தான். காலையில் சினைப்பருவ அறிகுறி தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை போடுங்கள். கத்துவதை மட்டும் நம்ப வேண்டாம். மற்ற மாடு மேலே தாவும்போது அசையாமல் நிற்கிறதா, கண்ணாடி போல வழும்பு ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், உறைவிந்துக் குச்சி (காளையின் விந்தை உறைய வைத்து அடைத்த சின்னக் குழல்) மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருப்பது. அதை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் 30 நொடியாவது வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். சிலர் உள்ளங்கையில் தேய்த்தே உருக்கிவிடுகிறார்கள். பார்த்தால் தயங்காமல் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

ஊசி போட்ட தேதியைக் குறித்து வையுங்கள். 18 முதல் 24 நாளுக்குள் மறுபடி பருவத்துக்கு வந்தால் சினை இல்லை. வராவிட்டாலும் மூன்றாம் மாதம் மருத்துவரிடம் சோதித்துவிடுங்கள்.