60,000 யூனிட் பாக்கெட்டும் பனியன் கம்பெனி வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பில் வந்த வைட்டமின் டி கட்டுரையை எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு முழுவதும் கைமாற்றிப் படித்தார்கள். உடம்பில் வைட்டமின் டி போதுமான அளவு இருந்தால் ஃபுளூவும் அண்டாது, கொரோனாவும் அண்டாது என்று அது முடிகிறது. அந்த அளவுக்குச் சொல்ல ஆதாரம் இல்லை.

நோய் எதிர்ப்பில் இதற்குப் பங்கு உண்டு என்பது உண்மைதான். பெருந்துறை வழியாக பஸ்ஸில் போகிறவர்களுக்கு ‘சானடோரியம்’, அதாவது காசநோய் மருத்துவமனை, நிறுத்தம் தெரியும். மருந்து வராத காலத்தில் உலகெங்கும் சானடோரியங்களில் காசநோயாளிகளை வெயிலில் கிடத்தினார்கள். நம் வெள்ளை அணுக்கள் வைட்டமின் டியைக் கொண்டு கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தை உண்டாக்கிக் காசநோய்க் கிருமியை எதிர்க்கின்றன என்று 2006-இல்தான் தெரியவந்தது.

ஆனால் சளி, இருமல், ஃபுளூவுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த கதை வேறு. 25 சோதனைகளில் பங்கேற்ற ஏறத்தாழ 11,000 பேரின் தரவை 2017-இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு, தினமோ வாரந்தோறுமோ அளவாகக் கொடுத்தபோது நல்ல பலன் தெரிந்தது. ஒரேயடியாகப் பெரிய அளவில் கொடுத்தவர்களுக்குத் தெரியவில்லை. 2022-இல் வெளியான பிரிட்டன் சோதனையில் கொரோனா தொற்று குறையவில்லை. 2025-இல் புதிய சோதனைகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, முன்பு தெரிந்த அந்தப் பலனையே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதை நான் ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், எங்கள் செக்கிங் அக்கா ஒருவர் மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே 60,000 யூனிட் வைட்டமின் டி தூள் பாக்கெட்டுகளை வாங்கி வந்தார். வாரம் ஒன்று குடிக்க வேண்டியதைத் தினம் ஒன்றாகப் பாலில் கலந்து மூன்று வாரம் குடித்திருக்கிறார். குமட்டல், மலச்சிக்கல், அடங்காத தாகம். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் ஏறியிருந்தது, சிறுநீரகம் தப்பியது. கடையில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுரையிலும் எச்சரிக்கையாக ஒரு வரி இல்லை.

இன்னொன்று. விடியற்காலை இளவெயிலில் நிற்கச் சொல்கிறார் கட்டுரையாளர். அந்த நேரத்து வெயிலில் தோலுக்கு வேண்டிய புறஊதா பி கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாகும் நேரத்தில்தான் தோலில் வைட்டமின் டி நன்றாக உண்டாகும். எங்கள் ஊரில் அது ஏறத்தாழ ஒன்பதரை மணி. அப்போது நாங்கள் தகரக் கூரையின் கீழ் பீஸ் பிரித்துக்கொண்டிருப்போம். ஜன்னலோர மேசைக்காரர்களுக்கும் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரை விடாது. டீக்கு விடும் பத்து நிமிடத்தைக் கேன்டீனுக்குள் கழிக்காமல் வெளித்திண்ணையில் உட்கார்ந்து குடிக்க விடுங்கள் என்று முதலாளிகளிடம் உங்கள் பத்திரிகை ஒருமுறை எழுதலாம்.

பனியன் கம்பெனிக் கணக்கர்,
திருப்பூர்.